கால் மில்லிமீட்டர் சீவும் கருவி

சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை வீசி எறியாமல், பொறி தரும் புது பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி சுடுவது அமெரிக்க வேட்டைக்காரர்களின், போட்டிச் சுடுநர்களின் பழைய வழக்கம். அதில் பலருக்கும் அலுப்பூட்டும் வேலை, உறையின் வாயைச் சீவுவது.

சுடும்போது விரிந்த உறையை டை என்ற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால், பித்தளை கழுத்துப் பக்கம் நீண்டுவிடும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையின் உறை 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சீவ வேண்டிய அளவு 2.005. இடையில் இருப்பது கால் மில்லிமீட்டர்தான். அதைக் கவனிக்காமல் விட்டால், உறையின் வாய் துப்பாக்கி அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபடத் திணற, உள்ளே அழுத்தம் எகிறும்.

விஸ்கான்சின் மாநிலத்து லீ பிரிசிஷன் இதற்காக விற்கும் கருவியில் மோட்டாரும் இல்லை, அளவு வைக்கும் திருகும் இல்லை. ஒரு கட்டர், அதில் பொருத்திய நீண்ட ஊசி, உறையின் அடியைக் கவ்வும் பிடி, அவ்வளவுதான். ஊசி உறையின் வாய் வழியே இறங்கி, பிரைமரின் பொறி பாயும் துளைக்குள் நுழையும். கட்டரைத் திருகத் திருகப் பித்தளைத் துகள் உதிரும். ஊசிமுனை பிடியின் தளத்தில் முட்டியதும் சீவல் நின்றுவிடும். பிறகு எவ்வளவு திருகினாலும் வெறும் வழுக்கல்தான்.

அளவை மாற்ற முடியாதே என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஊசிமுனையை அரத்தால் தேய்த்து உறையை இன்னும் குட்டையாக்கலாம், நீளமாக்க வழியில்லை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மல்லுக்கட்டும் போட்டிக்காரர், பல மடங்கு விலை கொடுத்து எல்.இ. வில்சனின் குட்டி லேத் போன்ற கருவிக்குப் போவதே சரி. மற்றவர்களுக்கு இந்தப் பிடிவாதமே வசதி: திருகு நழுவி ஒரு பெட்டி உறையும் பாழாகும் பேச்சே இல்லை.

நூறு உறை என்றால் மணிக்கட்டு கெஞ்சும். பிடியை டிரில்லில் மாட்டிக்கொண்டால் தேவலை. .223 தோட்டாவுக்கு ஓர் ஊசி, .30-06 தோட்டாவுக்கு வேறு ஊசி என்று தனித்தனியே வாங்கவும் வேண்டும். சீவிய வாயில் உள்ளும் புறமும் நிற்கும் பிசிரை எடுக்காவிட்டால், குண்டின் செம்புப் போர்வையை அது சுரண்டும்.

கருவியை வாங்குமுன் உறைக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. நடுவில் ஒரே துளை இருந்தால் சரி. சில வெளிநாட்டு ராணுவத் தோட்டாக்களில் இருப்பதுபோல் ஓரமாக இரண்டு துளைகள் தெரிந்தால் அது பெர்டான் வகை. இந்த ஊசிக்கு அதில் வழியே கிடையாது.