தாடை மூட்டுக் கோளாறு மதிப்பீட்டுக் கருவிகளின் ஏற்புடைமை: ஒரு விமர்சனம்

காதுக்குச் சற்று முன்னால், கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் இடம் தாடை மூட்டு எனப்படும். மெல்லும்போது வலி, வாய் திறக்கும்போது 'கடக்' என்னும் ஒலி, வாய் முழுதாகத் திறக்காமை ஆகியவை இம்மூட்டுக் கோளாறுகளின் முக்கிய அறிகுறிகள். இரத்தப் பரிசோதனையால் இவற்றை உறுதிசெய்ய முடியாது. எனவே மருத்துவர்கள் கேள்வித்தாளையும் விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனையையும் நம்புகின்றனர். ஒரு கருவி அளக்க வேண்டியதை உண்மையில் அளக்கிறதா என்பதே அதன் ஏற்புடைமை. ஓரிடத்தில் நிறுவப்பட்ட ஏற்புடைமை, மொழிபெயர்த்தவுடன் இன்னோரிடத்துக்கும் பொருந்திவிடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள ஆலத்தூர் நாடு இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

கருவிகளின் பின்னணி

1992இல் வெளியான ஆய்வு வரையறைகளைத் திருத்தி, 2014இல் 'டிசி/டிஎம்டி' என்னும் நோயறி வரையறைகள் வெளியாயின. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த ஆய்வே இவற்றின் அடிப்படை. தாடைத் தசைவலியைக் கண்டறிவதில் இதன் உணர்திறன் 0.90, தனித்தன்மை 0.99. அதாவது, நோயுள்ள 100 பேரில் 90 பேரை இது கண்டுபிடிக்கும்; நோயில்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விலக்கும். ஆனால் மூட்டு வட்டு விலகித் திரும்பும் வகையில், எம்ஆர்ஐ படம் இல்லாவிட்டால் உணர்திறன் 0.34 மட்டுமே. ஒரே கருவி ஒரு நோய்க்கு வலுவாகவும் மற்றொன்றுக்குப் பலவீனமாகவும் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்க மலையிறங்க வேண்டிய ஊரில் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஃபொன்சேகா கேள்வித்தாள்

பிரேசிலில் 1994இல் உருவான ஃபொன்சேகா கேள்வித்தாளில் 10 கேள்விகள் உள்ளன. 'ஆம்' என்றால் 10, 'சில நேரம்' என்றால் 5, 'இல்லை' என்றால் 0 மதிப்பெண். 20 முதல் 40 வரை பெற்றால் 'லேசான கோளாறு'. அடிக்கடி தலைவலி, கழுத்துவலி, பதற்ற குணம் ஆகியவை பற்றியும் கேள்விகள் உண்டு. தலைச்சுமையாக விறகு கொண்டுவரும் ஒருவர் இம்மூன்றுக்கும் 'ஆம்' என்றால் 30 மதிப்பெண் பெறுவார். தாடையில் எந்தத் தொல்லையும் இல்லாமலேயே அவர் நோயாளியாகிவிடுகிறார்.

மொழியும் உணவும்

டிசி/டிஎம்டி சோதனையின் உயிர்நாடி ஒரு கேள்வி: அழுத்தும்போது வரும் வலி, கடந்த 30 நாட்களில் நோயாளிக்கு வந்த அதே வலிதானா? ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பழக்கமான வலி' என்றாகும். தமிழில் அது பழகிப்போன, பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி என்று பொருள்படும். இந்தத் தவறு மறு மொழிபெயர்ப்புச் சோதனையில் பிடிபடாது. 'பழக்கமான வலி'யை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் மூலச் சொல்லே கிடைத்துவிடும். "இந்த ஒரு மாசமா உங்களுக்கு வர்ற அதே வலியா இது?" என்று கேட்பதே பொருந்தும். மூட்டுவலியைச் சிலர் 'காதுவலி' என்றே சொல்வார்கள் என்பதையும் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும்.

தாடையின் செயல்குறைவை அளக்கும் 20 கேள்விப் பட்டியலில் காய்ந்த ரொட்டி, அடுப்பில் வாட்டிய கோழி, மக்ரோனி போன்றவை இடம்பெறுகின்றன. கடினமானதிலிருந்து மென்மையானது வரை இறங்கும் ஏணிபோல் இவை அமைந்துள்ளன. இவற்றுக்குப் பதில் முறுக்கு, பலாச்சுளை, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு, சாமைச்சோறு என மாற்றலாம். ஆனால் படிகள் மாறியபின் பழைய ஏணியின் உயரத்தைச் சொல்ல முடியாது; புதிய வரிசையை மறுபடி சோதித்தாக வேண்டும்.

வாய் திறப்பும் பாக்கும்

வாய் திறப்பு 40 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பது, மூட்டு வட்டு விலகித் திரும்பாத நிலைக்கான அளவுகோல்களில் ஒன்று. பாக்கு மெல்லும் பழக்கமுள்ள இடங்களில் வாயின் உட்புறம் நாராக இறுகும் நோயாலும் வாய் திறப்பு குறையும். இது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ளது. கன்னத்தின் உட்புறத்தைப் பார்க்காமல் அளவுகோலை மட்டும் வைப்பவர் இதைத் தவறவிடுவார்.

மதிப்பீடு

பல ஏற்புடைமை ஆய்வுகள் கேள்விகளின் உள்ளிசைவைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா எண்ணோடு நின்றுவிடுகின்றன. கேள்விகள் தமக்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண் எதையும் நிறுவாது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 1000 பேரில் 100 பேருக்குக் கோளாறு இருப்பதாகக் கொள்வோம். தனித்தன்மை 0.99 எனில் 9 பேர் தவறாக நோயாளியாக்கப்படுவர். அது 0.80 ஆகக் குறைந்தால் 180 பேர். அவர்கள் ஒருநாள் கூலியை விட்டு, காரவல்லி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வர வேண்டியிருக்கும்.

ஆகவே தமிழ்க் கேள்வித்தாள் ஒன்று ஏற்புடையது எனப்படும்போது மாணவர்கள் மூன்றைக் கேட்க வேண்டும்: யாரிடம் சோதிக்கப்பட்டது? பயிற்சி பெற்ற மருத்துவரின் நேரடிச் சோதனையுடன் ஒப்பிடப்பட்டதா? எந்தெந்த நோய்க்கு எவ்வளவு பிழைத்தது? கல்லூரி மருத்துவமனைக்கு வருவோரிடம் மட்டும் சோதித்த கருவி, அவர்களுக்கு மட்டுமே ஏற்புடையது. ஆலத்தூர் நாட்டில் அதைப் பயன்படுத்தும் முன், அங்குள்ளவர்களிடமே அதைச் சோதிக்க வேண்டும்.