ஊர்ப்பெயரும் நிலப்படமும்

ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்குரியது என்பதைத் தமிழுலகிற்கு உணர்த்திய நூல்களுள் ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' தலைசிறந்தது. கல்வெட்டும் பாட்டும் துணைநிற்க, சிதைந்து வழங்கும் பெயர்கள் பலவற்றின் பழைய வடிவை அந்நூல் மீட்டுத் தந்தது. ஆயினும், வரலாற்று நிலப்படம் வரையப் புகுவார்க்கு அது போதுமா என வினவின், போதாது என்றே யாம் விடை கூற வேண்டியுள்ளது. அந்நூல் பெயரினின்று இலக்கியத்திற்குச் செல்கின்றது. படம் வரைவோனோ நிலத்தினின்று பெயருக்கு வருதல் வேண்டும்.

வேடந்தாங்கல் என்னும் பெயரை நோக்குக. வேடர் வாழ்ந்த ஊர் என்று பொருள் கூறிப் பலர் அமைந்துவிடுகின்றனர். முன்னுறுப்பு அவர் கருத்தைக் கவர்ந்த அளவு பின்னுறுப்புக் கவரவில்லை. தாங்கல் என்பது ஏரியைக் குறிக்கும் சொல். பறவைகள் வந்து கூடும் அவ்வேரி இன்றும் ஆங்கே உள்ளது. தொண்டை நாட்டில் தாங்கல் என முடியும் பெயர்கள் பல. சிவகங்கை, இராமநாதபுரப் பகுதிகளிலோ ஏந்தல் என முடிவன மிகுதி. அதுவும் நீர்நிலையின் பெயரே. மழைநீரைக் கொள்ளும் நிலத்திற்கு ஒரு நாட்டார் தாங்குதலாலும் மற்றொரு நாட்டார் ஏந்துதலாலும் பெயரிட்டனர். இவ்விரு சொல்லும் வழங்கும் எல்லைகளைப் படத்திற் குறித்தால் பாசன வரலாறும் சொல் வரலாறும் ஒருங்கே விளங்கும். அகரவரிசையில் அடுக்கினால் விளங்கா.

பண்டை எழுத்தர் இத்துறையில் நம்மினும் கருத்துடையர். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்தபோது, பிடியானையை எல்லை வழியே நடத்தி, அண்டை ஊர்களையும் வாய்க்கால்களையும் முறையே குறித்தனர். செப்பேடு கற்போர் பெரும்பாலும் அரசர் வரிசையோடு நின்றுவிடுகின்றனர். எமக்கு எல்லை கூறும் பகுதியே பெரிதாகத் தோன்றுகின்றது.

1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை நிலத்தின் வடிவைத் துல்லியமாக்கிற்று. பின்னர் வந்த புல எண்களோ வயற்பெயர்களை ஏட்டினின்று விலக்கின. அவற்றுட் பல இன்று முதிய உழவர் வாயிலன்றி வேறெங்கும் இல்லை. 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி வெளியிட்ட ஆணை சில நாட்களில் மீளப்பெறப்பட்டது. அப்போது எழுந்த வாதம் பெரிதும் எழுத்தைப் பற்றியதே, நிலத்தைப் பற்றியதன்று.

தூய தமிழ்ப்பெயரே கொள்ளத்தக்கது என்பாரும் உளர். அவர் சென்னை நுங்கம்பாக்கத்தைக் காண்பாராக. ஏரி தூர்ந்த நிலத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்து 1976-இல் திறக்கப்பெற்றது. அங்கு ஏரி இருந்தமைக்கு 'லேக் ஏரியா' என்னும் ஆங்கிலப் பெயரே இன்று சான்று பகர்கின்றது. அதனை நீக்கின் சான்றும் நீங்கும்.

எனவே, களம் செல்லும் மாணவர் பெயரைக் கேட்டவுடன் பொருள் கூற விரைதல் ஆகாது. சொன்னவர் ஒலித்தவாறே எழுதி, அவருடன் நடந்து, அப்பெயர் சுட்டும் மேடும் மடையும் எவ்விடத்தன எனக் குறித்தல் வேண்டும். ஒரு மடைக்கு இரு தெருவார் இரு பெயர் கூறுவராயின் இரண்டையும் எழுதுக. யார் யார் எதனைக் கூறினர் என்பதையும் உடன் எழுதுக.