அனுபவம்: இல்லை

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் ஊரில் நடந்த திறன் பயிற்சி முகாமுக்கு, எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். இருபத்தெட்டு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். விண்ணப்பம் நிரப்பிய இளைஞர், "முன் அனுபவம் ஏதும் உண்டாம்மா?" என்று கேட்டார். "உப்பளத்துல வேல பாக்கேன் சார்" என்றார் அக்கா. "அது கூலி வேலைம்மா. தொழில் ஏதாவது தெரியுமான்னு கேக்கேன்." அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணும் தெரியாது சார்" என்றார். 'அனுபவம்: இல்லை' என்று எழுதி, தையல் வகுப்பில் பெயரைச் சேர்த்தார்கள்.

அந்த இளைஞர் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. படிவத்தில் இருந்ததைத்தான் கேட்டார். எனக்கு உறுத்தியது அக்காவின் பதில். தனக்கு ஒன்றும் தெரியாது என்று இருபத்தெட்டு வருடம் வேலை செய்த ஒரு பெண்ணை நம்ப வைத்தது எது? அன்று இரவு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிக'ளை மறுபடி எடுத்து வாசித்தேன்.

1979இல் வெளிவந்த இந்த நாவல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. படகர் வாழ்வைக் 'குறிஞ்சித் தேன்' நாவலிலும், இந்தக் கடற்கரையின் மீனவர் வாழ்வை 'அலைவாய்க் கரையி'லும் எழுதிய ராஜம் கிருஷ்ணன், எதை எழுதினாலும் அந்த இடத்துக்குப் போய், மக்களோடு பேசி எழுதியவர். தம்பி பச்சையோடு உப்பளத்துக்கு வரும் பொன்னாச்சியின் வழியாக நாம் அந்த வெயிலுக்குள் போகிறோம். கங்காணியின் அதிகாரம் கூலியோடு நிற்காமல் பெண்ணின் உடல்வரை நீள்வதை, தமிழில் அதற்கு முன் இவ்வளவு வெளிப்படையாக எழுதியவர்கள் குறைவு. அந்தக் கடன் நமக்கு என்றும் உண்டு.

ஆனாலும் இந்த முறை வாசித்தபோது ஒரு குறை தட்டுப்பட்டது. உப்பு ஒரு பெண்ணின் உடலை எப்படி அரிக்கிறது என்பதை நாவல் விரிவாகச் சொல்கிறது. அந்த உடலுக்கு என்னென்ன தெரியும் என்பதில் அதற்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. பொன்னாச்சி நம் இரக்கத்தைப் பெறுகிறாள், கோபத்தையும் பெறுகிறாள். ஒரு தொழில் தெரிந்தவளாக நம் மனத்தில் தங்குவதில்லை. நாவலாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உழைக்கும் பெண்ணைப் பற்றி நம் முற்போக்கு எழுத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. அவளுடைய துயரத்துக்குச் சாட்சி சொல்கிறோம், அவளுடைய அறிவைக் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. முகாமில் அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

உப்பளத்தில் அப்படி என்ன அறிவு இருக்கிறது? நீர் 25 பாமே டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும். அதற்குள் வார வேண்டும், மிச்ச நீரை வெளியேற்ற வேண்டும். பாத்தியின் தரை சரியாக இறுகாவிட்டால் உப்போடு சேறும் வரும். அதற்காகத் தரையை மிதித்து மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். அக்காவிடம் கேட்டால், எந்தப் பாத்தி இறுகிவிட்டது, எது இன்னும் இளகிக் கிடக்கிறது என்பதைக் காலை வைத்ததும் சொல்வார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, நாளைக்கு வாரலாமா, இன்னும் இரண்டு நாள் போகட்டுமா என்று சொல்வார். வழுக்கும் வரப்பில் தலைச்சுமையோடு நடக்கும்போது கழுத்தை எப்படி வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். நீரின் பதம் பார்ப்பது ஆண்களின் பொறுப்பு என்று வைத்திருப்பதால், அவர் பார்ப்பது கணக்கில் வருவதில்லை.

1980இல் ஆன் பிலிப்ஸ், பார்பரா டெய்லர் என்ற இரண்டு பெண்ணியர்கள் 'பெமினிஸ்ட் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். ஒரு வேலையைத் 'திறன் வேலை' என்று ஏற்பதும் மறுப்பதும், அதைச் செய்பவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகிறது என்பது அவர்கள் வாதம். பெண்கள் செய்வதாலேயே ஒரு வேலை திறனற்றதாகிவிடுகிறது. அவர்கள் பார்த்தது இங்கிலாந்தின் தொழிற்சாலைகளை. நம் உப்பளத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இது வெறும் சொல் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கூலியே இந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை'க்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. ஒத்த தன்மை எப்படி முடிவாகும்? தேவைப்படும் திறன், முயற்சி, பொறுப்பு ஆகியவற்றை வைத்து. வாருபலகை பிடிப்பது ஆண் வேலை, பெட்டி சுமப்பது பெண் வேலை என்று பிரித்து, முதலாவதைத் தொழில் என்றும் இரண்டாவதைச் சுமை என்றும் பெயரிட்டுவிட்டால் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. கூலி குறைவதற்குக் காரணமாகத் திறன் குறைவைச் சொல்லலாம். பிறகு அதே பெண்ணைப் பார்த்து, உன் வறுமைக்குக் காரணம் திறன் இடைவெளி, பயிற்சிக்கு வா என்றும் சொல்லலாம்.

இதே கடற்கரையில் முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். மூச்சடக்கி ஆழத்துக்குப் போன ஆண்களுக்குக் கொழுத்த கூலி கிடைத்துவிடவில்லை. ஆனால் அந்தத் திறனுக்கு ஒரு பெயர் இருந்தது. கொற்கை முதல் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறோம், அது மறைந்ததை இழப்பாகச் சொல்கிறோம். உப்பு விற்கும் உமணப் பெண் அகநானூற்றிலேயே இருக்கிறாள். அவளுக்குப் பின்வந்த உப்பளப் பெண்ணின் அறிவுக்கு நம்மிடம் பெயரில்லை. நாளை இயந்திரங்கள் வந்து அவளை வெளியே தள்ளினால், ஓர் அறிவு போயிற்று என்று யாரும் எழுதப்போவதில்லை. வேலை போயிற்று என்று மட்டும் எழுதுவார்கள்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பளப் பெண்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று புகழ்ந்துவிட்டு நகர்வதும் ஒருவகை ஏமாற்றுதான். அக்காவுக்குத் தெரியாதவை உண்டு. எடைக்கணக்கை வாசித்துச் சரிபார்க்கத் தெரியாது. பாமே அளவுகோலை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. வருங்கால வைப்பு நிதி, பேறுகாலச் சலுகை, நலவாரியப் பதிவு ஆகியவற்றின் வழிகள் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தை எப்படி நடத்துவது என்று தெரியாது. இடைவெளி என்று சொல்வதானால் இவற்றைத்தான் சொல்ல வேண்டும். இந்த அறிவுகள் எல்லாம் முதலாளியும் கங்காணியும் தங்களிடம் வைத்துக்கொண்டவை. தையல் வகுப்பு இவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் வகுப்பிலிருந்து தொடங்கு என்கிறது.

2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே, வேலை செய்து கற்றதைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே இது நடக்காத கனவு ஒன்றுமில்லை. பாத்தியைப் பதப்படுத்துவது, நீரின் பதம் அறிவது, உப்பைத் தரம் பிரிப்பது, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஆகியவற்றை உப்பளப் பெண்களோடு உட்கார்ந்து பட்டியலிட வேண்டும். அந்தச் சான்றிதழ் கூலியைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் மாட்டத்தான் ஆகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளம் கிடையாது. அந்த மாதங்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பயிற்சியை அப்போது வைத்து, அதற்குத் தினக்கூலியும் கொடுத்தால் பெண்கள் வருவார்கள்.

அக்கா தையல் வகுப்புக்கு நான்கு நாள்தான் போனார். வகுப்புக்குப் போனால் அன்றைய கூலி இல்லை. ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே கிளம்பி உப்பளத்துக்குப் போய்விட்டார். முகாமின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'இடைநிற்றல்' என்று எழுதியிருப்பார்கள். 'கரிப்பு மணிகள்' வந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பொன்னாச்சிக்காக அழுத நாம், அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கும் நாவலையும் ஆய்வையும் படிவத்தையும் இனிமேல்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதும்போது அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். "ஒண்ணும் தெரியாது" என்று அவர் சொன்னால் அத்தோடு விட்டுவிடாமல், இன்னொரு முறையும் கேட்க வேண்டும்.