சீட்டு எழுதிய பிறகு

வீட்டுக்கே வந்து மருத்துவம் பார்க்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தருமபுரிக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கி, 2024இல் ஐ.நா. விருதும் வாங்கியது. எந்த மருத்துவத்தையும் வாசலுக்கே கொண்டுபோய்விடலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பெருகியிருக்கிறது. தருமபுரி முதியோர் இல்லங்களில் பல் மருத்துவர்கள் நடத்தும் வாய்ப்புற்று முகாமும் அந்த நம்பிக்கையில்தான் பாராட்டப்படுகிறது.

நன்மை இல்லாமலில்லை. வெற்றிலையோடு போயிலை அடக்கியே வயதானவர்கள் இங்கே நிறையப் பேர். டார்ச்சும் சிறு கண்ணாடியும் இருந்தால் வாயைப் பார்த்துவிடலாம். பல்செட்டைக் கழற்றச் சொல்லி, நாக்கைத் தூக்கி அடியில் பார்க்கும் பழக்கம் பல் மருத்துவருக்கு உண்டு. இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன்.

கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது? பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் இல்லத்தில் முகாமன்று நானும் இருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. இடது கன்னத்தின் உள்பக்கம், போயிலை அடக்கும் அதே இடத்தில், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, நடுவே சிவப்பு. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, சதை எடுத்துப் பாக்கணும்" என்று டாக்டர் சீட்டு எழுதினார். பாட்டி அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போனேன். சீட்டு அதே பையில்தான் இருந்தது, மடிப்பெல்லாம் பாக்குத்தூள் ஏறி. கூட்டிப்போக ஆள் இல்லை. சமையலுக்கும் பராமரிப்புக்கும் சேர்த்து அங்கே இரண்டே பேர். கையெழுத்துப் போட வேண்டிய மகன் ஓசூரில். காப்பீட்டு அட்டையும் அவர் வீட்டில்.

முகாமை ஆதரிப்பவர்கள் திருவனந்தபுரத்தில் நடந்த வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வைக் காட்டுகிறார்கள். 2005இல் வெளியான அதன் முடிவு பெரியதுதான்: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே வாயைப் பார்த்தவர்கள் பல் மருத்துவர்களே அல்ல, பயிற்சி பெற்ற பட்டதாரிப் பணியாளர்கள். மூன்றாண்டு இடைவெளியில் மூன்று சுற்று, அதே மக்களிடம் திரும்பப் போனார்கள். அப்படியிருந்தும், சந்தேகப்பட்டு அனுப்பிய 5145 பேரில் மேல்பரிசோதனைக்கு வந்தவர்கள் 3218 பேர். தம் வீட்டில், தம் ஆட்களோடு இருந்தவர்களிடமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நழுவிப்போயிற்று. இல்லத்து மூத்தோர் யாரை நம்பிக் கிளம்புவார்கள்?

எத்தனை வாய் பார்த்தோம் என்ற கணக்கு முகாம் அறிக்கையில் தவறாமல் இருக்கிறது. எத்தனை பேருக்குச் சதைப் பரிசோதனை நடந்தது என்ற வரியை நான் பார்த்த எந்த அறிக்கையிலும் காணோம். வண்டியும் கூடப்போகும் ஆளும் உறுதியாகாத முகாமை நடத்தவே கூடாது என்பேன். கடுமையாகத் தோன்றலாம். திட்டு இருப்பது தெரியாதவரை அந்தப் பாட்டி நிம்மதியாகச் சாப்பிட்டார். இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் நாக்கால் அதைத் தடவிப் பார்க்கிறார்.