வேரும் விழுதும்: தாஜ் மகாலின் இசைப் பயணம்

பிறந்த மண்ணை விட்டு வந்த மக்களின் கலை, புதிய மண்ணின் கலப்பால் வளம் பெறுமா, அன்றித் தன் முகத்தையே இழந்துவிடுமா? நம் போன்றோர் நெஞ்சில் அடிக்கடி எழும் இவ்வினாவுக்கு அமெரிக்கக் கறுப்பின இசைஞர் ஒருவரின் வாழ்வே விடையாக நிற்கிறது. அவர்தாம் தாஜ் மகால்.

1942இல் நியூயார்க்கில் பிறந்த அவரது இயற்பெயர் ஹென்றி செயின்ட் கிளேர் ஃபிரெடெரிக்ஸ். தந்தை கரீபியத் தீவுகளின் வழிவந்தவர். தாய் தென் கரோலினாவைச் சேர்ந்தவர். காந்தியடிகளையும் இந்தியாவையும் பற்றித் தாம் கண்ட கனவுகளே இப்பெயரைத் தந்தன என்பது அவர் கூற்று. பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றதோ கால்நடை வளர்ப்பு!

அவர் கைக்கொண்ட 'ப்ளூஸ்', அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் படைத்த இசை. அதில் குரல் கேட்க, கிதார் விடை சொல்லும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே ஒலி வழுக்கிச் செல்லும். கமகம் பழகிய செவிக்கு அது முற்றிலும் அந்நியமன்று.

1965இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரை கூடர் என்னும் வெள்ளையின இளைஞரோடு 'ரைசிங் சன்ஸ்' குழுவில் வாசித்தார். 1968இல் முதல் தனித் தொகுப்பு வெளிவந்தது. பின்னர் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1971இல் ட்யூபா என்னும் பெருங்குழல்கள் நான்கினை ப்ளூஸுக்குத் துணையாக்கினார். 1974இல் ஜமைக்காவின் ரெகே இசையில் திளைத்தார். பின்னர் ஹவாய்த் தீவில் குடியேறி அம்மண்ணின் இசையையும் தழுவினார்.

இவ்வாறு தாவுவது நிலையின்மை அன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. அவர் நாடியவற்றுள் பெரும்பாலானவை கடல் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர் விட்டுச்சென்ற தடங்களே. அவர் தேடியது புதுமையை அன்று, உறவினரை.

1995இல் வெளிவந்த 'மும்தாஜ் மகால்' நமக்கு நெருக்கமானது. விசுவ மோகன் பட்டின் மோகன வீணையும், நம் என். ரவிகிரணின் சித்திரவீணையும் அதில் அவரோடு இணைந்தன. தந்தியின்மேல் உருளையை நகர்த்தி வாசிக்கும் சித்திரவீணைக்கும், ப்ளூஸ் கலைஞர் கண்ணாடிக் குழாயை நகர்த்தி வாசிக்கும் கிதாருக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. எனினும் அங்குப் பெரும்பாலும் அவர்தம் பாடல்களே பாடப்பெற்றன. நம் கருவிகள் விருந்தினராய்ச் சென்றனவேயன்றி, வீட்டாராய் அமரவில்லை என்பதே என் கருத்து.

1999இல் வந்த 'குலாஞ்சான்' அதனினும் மேம்பட்டது. மாலி நாட்டின் துமானி ஜபாத்தே (2024இல் மறைந்தவர்) 21 தந்திகள் கொண்ட கோராவை மீட்ட, இவர் கிதார் இசைக்கிறார். அங்கே விருந்தோம்பலின் தயக்கம் இல்லை. பிரிந்த உடன்பிறந்தார் கூடிப் பேசும் உரிமையே ஒலிக்கிறது.

2022இல், எண்பதை நெருங்கும் வயதில், பழைய தோழர் ரை கூடருடன் மீண்டும் இணைந்து, சன்னி டெரி, பிரவுனி மெக்கீ ஆகிய முன்னோரின் பாடல்களை இசைத்தார். உலகெலாம் சுற்றியவர் முதற்பாடத்தை மறக்கவில்லை.

விழுது எத்துணைத் தொலைவு சென்று ஊன்றினும் ஆலமரம் ஆலமரமே. நம் பிள்ளைகள் பிறர் இசையை விரும்பிக் கற்பது கண்டு அஞ்சவேண்டுவதில்லை. தம் இசை எதுவென அறியாது போவதற்கே நாம் அஞ்சவேண்டும்.