காயலாங்கடைக் கணக்கும் சர்க்கார் கணக்கும்

ஒரு பழைய மாருதி 800-ஐக் காயலாங்கடைக்காரர் பார்த்தால், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், கியர்பாக்ஸ், துருப்பிடிக்காத கதவு என்று தனித்தனியாகத்தான் அவர் கண்ணில் படும். விலை போகிறதையெல்லாம் கழட்டின பிறகு மிஞ்சுகிற கூடுதான் எடைக்குப் போகும். சர்க்காருக்கோ அதே கார் சுமார் 650 கிலோ பழைய இரும்பு. 2021-ல் வந்த வாகன அழிப்புக் கொள்கையோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான்.

கொள்கையில் நல்லதும் இருக்கு, இல்லைன்னு சொல்லவில்லை. பதிவு பெற்ற கூடங்கள், உடைக்கும் முன்னால் வண்டி திருட்டு வண்டியா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளில் பார்க்கணும். எண்ணெயையும் பேட்டரி அமிலத்தையும் மண்ணில் விடக்கூடாது. காயலாங்கடைகளில் இந்த இரண்டும் ஒழுங்காக நடப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

ஆனால் காசுக் கணக்கைப் பாருங்கள். பழைய வண்டியை ஒப்படைத்தால், புது வண்டியின் ஷோரூம் விலையில் ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு கிடைக்கும் என்றது அரசு. 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்கள் விதிகளிலும், கார் கம்பெனிகளுக்கான இலக்கு மீட்கப்படும் எஃகின் எடையை வைத்துத்தான். ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு கியர்பாக்ஸை அப்படியே இன்னொரு வண்டியில் மாட்டினால், அந்தக் கணக்கில் மதிப்பு என்ன? உருக்கினால்தான் எண்ணிக்கையில் ஏறும்.

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை. முதலியார்பேட்டையில் நான் வண்டி விடுகிற ஒர்க்‌ஷாப்பில் 800-க்கு ஒரு சாமான் வேணும்னா, மெக்கானிக் போட்டோ எடுத்துச் சென்னை புதுப்பேட்டைக்கு அனுப்புவார். மறுநாள் பஸ் பார்சலில் வந்து சேரும். 800-ஐ மாருதி 2014-ல் நிறுத்தியது. அம்பாசடரும் அதே வருஷம் நின்றது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இந்த வண்டிகளில் பலவும் புதுப்பேட்டை தயவில்தான் ஓடுகின்றன.

ஐரோப்பிய ஒன்றியமும் எடையில்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் 2000-ம் ஆண்டுச் சட்டத்திலேயே மறுபயன்பாடும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 2015 முதல் காரின் எடையில் 85 விழுக்காடு மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போகணும். வண்டியை எப்படிப் பிரிக்கணும் என்ற விவரத்தையும் கம்பெனிகளே தரணும்.

இங்கேயும் அதைச் செய்யலாம். கழட்டின பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு, அதைக் கம்பெனியின் இலக்கில் சேர்க்க ஒரு விதி. பிரேக், ஏர்பேக் மாதிரி உயிர் சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கட்டும். புதுப்பேட்டைக் கடைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து பதிவு வாங்க ஒரு வழியும் வேணும். ஒரு கார் எங்கெங்கே பிரியும், எது எந்த மாடலுக்குப் பொருந்தும் என்று கைப்பழக்கத்தில் தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நசுக்கும் எந்திரத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தால், மறுசுழற்சி என்ற பெயரில் நல்ல சாமானையும் சேர்த்து எடைக்குப் போடுவோம்.