கரையை வைத்து ஏரியை அளத்தல்: கோடைக்கானல்

கோடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததல்ல, மனிதர் கட்டியது. மதுரையில் கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் பள்ளத்தில் ஓடிய நீரைக் கரை போட்டு மறித்து உருவாக்கியது. ஆகவே அதை அழகு என்று மெச்சிவிட்டு நகர்வது போதாது. ஒரு படைப்பை அணுகுவதுபோல அதன் வடிவத்தையும் பயனையும் பராமரிப்பையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

வடிவத்தில் அது முதல்தரம். நீர்ப்பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் சாதனை புலப்படும். இதே பரப்பு வட்டமாக அமைந்திருந்தால் சுற்றளவு 2 கிலோமீட்டரைக்கூட எட்டியிராது. நட்சத்திரத்தின் முனைகள்போல நீர் பள்ளங்களுக்குள் புகுந்து கிடப்பதால், நடப்பவருக்கு முழு ஏரியும் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. ஒரு வளைவில் விரிகிறது. அடுத்ததில் ஒடுங்கி, எதிர்க்கரையில் பேசுபவர் குரல் கேட்கும் அளவுக்கு நெருங்குகிறது. பிறகு மறுபடி விலகிப் போகிறது. சிறிய பரப்பிலிருந்து இவ்வளவு நீண்ட அனுபவத்தை எடுத்த சிக்கனம் அபூர்வமானது. அதற்கு இணையான இன்னொரு சிறப்பு, ஏரிச்சாலை முழுச்சுற்றாகவும் பொதுவழியாகவும் இருப்பது. படகுக்குக் காசு கொடுக்க முடியாதவரும் ஏரி முழுவதையும் பார்த்துவிடலாம்.

இதன் அருமை உதகை ஏரியோடு ஒப்பிடும்போது தெரியும். ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய அந்த ஏரியின் ஒரு பகுதி பின்னாளில் தூர்ந்து, பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஆனது. எஞ்சியதைப் பெரும்பாலோர் படகு இல்லத்தின் நுழைவுச்சீட்டு வாசல் வழியாகவே சந்திக்கிறார்கள். வசதியில் உதகை மேல்: உணவும் இருக்கையும் சிறுவர் ரயிலும் ஒரே வளாகத்துக்குள் கிடைக்கின்றன. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் அங்கே ஏரி கேளிக்கைகளுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. மோட்டார் படகின் இரைச்சல் அந்த ஒதுக்கத்தை உறுதி செய்கிறது. கோடைக்கானலில் துடுப்பும் மிதிபடகும்தான். கவனம் நீரிலேயே நிற்கிறது.

பயன் என்று வந்தால் கோடைக்கானல் சறுக்குகிறது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வேனில் வந்திறங்கும் குடும்பம் எங்கே உட்காரும்? கரையோரம் வேலி, வேலியை ஒட்டி நடைபாதை, அதை ஒட்டிச் சாலை. மே மாதத்தில் அந்தச் சாலையில் வாடகை சைக்கிளும் சவாரிக் குதிரையும் காரும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. இலைபோட்டுச் சாப்பிட, பாட்டியைச் சாய்ந்து உட்காரவைக்க, நீருக்கும் நிழலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் கிடைப்பது அரிது. பக்கத்திலிருக்கும் பிரையண்ட் பூங்கா மலர்களுக்கானது. அதன் நோக்கம் வேறு. நடப்பவருக்கு வாரி வழங்கும் ஏரி, அமர விரும்புபவரைக் கைவிடுகிறது. உல்லாசத்தின் பாதி அமர்வதுதான் என்பதால் இக்குறையை நான் பெரிதாகவே எண்ணுகிறேன்.

பராமரிப்பில் நிலை இன்னும் கவலைக்குரியது. ஊரில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை அதன்பின் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. மலையேறும் பயணிகள் வழியில் நின்று படமெடுக்கும் வெள்ளி அருவி இந்த ஏரியிலிருந்து வழிந்துவரும் நீர்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏரிக்குச் செய்வது ஏரியோடு நிற்பதில்லை.

கூட்டத்தைப் பொறுத்தவரை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்த இ-பாஸ் முறை தேவையான தொடக்கம். எனினும் அது மலைக்கு வரும் வண்டிகளைப் பற்றிய முறையே. வந்த வண்டி கரையை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. வனத்துறை அனுமதியோடு மட்டுமே காணக்கூடிய பேரிஜம் ஏரியைச் சிலர் தீர்வாகக் காட்டுகிறார்கள். படகில்லாத, கடையில்லாத அந்த அமைதியை நானும் மதிக்கிறேன். ஆனால் காட்டுக்குள் பொருந்தும் கட்டுப்பாட்டை ஊர் நடுவிலிருக்கும் ஏரிமீது சுமத்தினால், முதலில் வெளியே நிற்கப்போவது அதே கட்டுச்சோற்றுக் குடும்பம்.

ஆகவே உதகையைவிடக் கோடைக்கானலையே மேலாக வைக்கிறேன், தயக்கமில்லாமல். ஆனால் அந்த மேன்மை ஏறக்குறைய முழுவதும் வடிவத்தால் வந்தது. பின்வந்தவர்கள் அதில் சேர்த்தது குறைவு. ஏரிச்சாலையிலிருந்து கார்களை விலக்கி, அப்படி மிச்சமாகும் அகலத்தை நிழல்மரங்களுக்கும் உட்காரும் புல்தரைக்கும் கொடுத்தால், பயனில் உள்ள குறை நீங்கிவிடும். நீரைப் பற்றிய தீர்ப்பைக் கரையிலிருந்து சொல்ல முடியாது; அதற்கு ஆண்டுதோறும் ஆய்வு முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும்.